வெந்நீர் வருகிறது, எர்த் வரவில்லை

கேள்வி:

ஐயா, தண்டையார்பேட்டையில் மாமனார் 1984-இல் கட்டிய வீட்டில் இருக்கிறோம். மேல்தளம் ஐந்து வருஷத்துக்கு முன்பு கட்டியது. மாமியாருக்கு மூட்டு ஆபரேஷன் ஆனதால், போன மாதம் கீழ் பாத்ரூமில் 25 லிட்டர் கீசர் போட்டோம். கீசர் வாங்கிய கடையே ஆளையும் அனுப்பியது. ஃபிட்டிங் பணத்தையும் கடையிலேயே வாங்கிக்கொண்டார்கள். வந்தவர் பாத்ரூமுக்கு வெளியே இருந்த பழைய பிளக் பாயின்ட்டிலிருந்து வயர் இழுத்து, அரை நாளில் முடித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே கீசரைப் போட்டதும் மெயின் பாக்ஸில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் கருவி) விழுந்தது. "இது சும்மா சும்மா விழும்" என்று சொல்லி, அதைத் தாண்டி டைரக்டாகக் கொடுத்துவிட்டார். நாலு நாளில் எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் விழும் சுவிட்ச்) விழ ஆரம்பித்தது. 10 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போட்டார். இப்போது எதுவும் விழுவதில்லை. ஆனால் ஈரக் கையோடு குழாயைத் தொட்டால் சுர்ர் என்கிறது. சுவிட்சை அணைத்தாலும் அப்படித்தான். சம்ப் மோட்டார் ஓடும்போது கொஞ்சம் அதிகம். பிளக் ஒரு பக்கம் பழுப்பாகிவிட்டது. போன் செய்தால், "புது கீசர்னா அப்படித்தான்மா, செருப்பு போட்டுக்கிட்டு குளிங்க" என்கிறார். இது ஆபத்தா? வீடு முழுக்க வயரிங் மாற்ற வேண்டுமா? அவரையே திரும்பக் கூப்பிடலாமா? கொடுத்த பணத்தைக் கேட்க வழி இருக்கிறதா?

தண்டையார்பேட்டை வாசகி

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதைப் படித்த கையோடு நீங்கள் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். வீட்டு மெயின் சுவிட்சை இறக்குங்கள். கை காய்ந்திருக்கட்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். கீசர் பிளக்கை சாக்கெட்டிலிருந்து முழுக்கப் பிடுங்கி வெளியே தொங்க விடுங்கள். அதன்பிறகு மெயினைப் போட்டுக்கொள்ளலாம். கீசர் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். பிளக் உருகி ஒட்டிக்கொண்டிருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்த லைன் எம்.சி.பி.யை இறக்கி வைத்து, ஆள் வரும்வரை அந்தப் பாத்ரூமையே மூடிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாயில் சுர்ர் இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டாம். அதை மீட்டர் வைத்து ஆள் பார்க்கட்டும்.

மாமியாருக்கு வாயால் சொன்னால் மட்டும் போதாது. பிளக்கில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். வீட்டுக்கு வரும் யாராவது உதவி செய்வதாக நினைத்து மாட்டிவிடுவார்கள். வெந்நீருக்குக் கொஞ்ச நாள் அடுப்புதான். பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர் என்று ஊற்றுங்கள். கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் நடக்காமல், பாதி பாதியாகக் கொண்டுபோங்கள். ஹீட்டர் ராட் வாங்கலாமா என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். எர்த் சந்தேகமாக இருக்கிற அதே வீட்டு பிளக்கில்தான் அதையும் சொருகப்போகிறீர்கள்.

இது ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபத்துதான், அதில் சந்தேகமே இல்லை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வீடுகளில்தான் எனக்கு வேலை. குழாயில் சுர்ர் என்று வந்தபோதே கூப்பிட்டவர்கள் வீட்டிலும் வேலை செய்திருக்கிறேன். கூப்பிடத் தாமதித்த ஒரு வீட்டுக்கு, காரியம் முடிந்த மறுவாரம் வயரிங் மாற்றவும் போயிருக்கிறேன். அந்த இரண்டாவது வகை வீட்டுக்குள் இனி ஒருதரம் போக எனக்கு மனசு இல்லை.

"புது கீசர்னா அப்படித்தான்" என்று அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் கேட்பவர்கள் நம்பிவிடுகிறார்கள். கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் காயில் (coil) என்பது ஒரு உலோகக் குழாய். அதன் நடுவில் சுருள் கம்பி. சுற்றிலும் வெள்ளைப் பொடி மாதிரி ஒரு காப்புப் பொருள். அது ஈரத்தை உறிஞ்சும். கடையில் பல மாதம் கிடந்த புதுக் கீசரில் சொற்பமாகக் கரண்ட் கசிவது நடக்கக்கூடியதே. அந்தக் கசிவு போய்ச்சேருவதற்கு ஒரு வழி வேண்டும் என்றுதான் பிளக்கில் எர்த் என்கிற மூன்றாவது முள்ளை வைத்திருக்கிறார்கள். அந்த முள் மற்ற இரண்டையும் விட நீளமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாட்டும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நீளம். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு உங்கள் கைக்கு வராது. உங்களுக்கு சுர்ர் என்கிறது என்றால், கசிவுக்குக் கிடைத்த வழி நீங்கள்தான் என்று அர்த்தம்.

எர்த் இல்லாத கீசரும் தண்ணீரை நன்றாகச் சூடாக்கும் என்பதால்தான் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. பேஸ் (கரண்ட் வரும் வயர்), நியூட்ரல் (அது திரும்பும் வயர்) இரண்டும் இருந்தால் காயில் சூடாகும், விளக்கு எரியும், அரை மணியில் வெந்நீர் வரும். ஃபேன் சுற்றவில்லை என்றால் வேலை சரியில்லை என்று யாரும் சொல்லிவிடலாம். எர்த் இல்லை என்பதை மட்டும் கருவி வைத்து அளந்துதான் சொல்ல முடியும். "வெந்நீர் வருதாம்மா? அப்போ சரி" என்று கிளம்புகிறவர் பார்த்தது பாதி வேலையைத்தான்.

உங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்வது சரியில்லை. ஆனால் நீங்கள் எழுதிய மூன்று விஷயங்களும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. கீசர் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுந்தது. சுவிட்சை அணைத்தாலும் சுர்ர் நிற்கவில்லை. மோட்டார் ஓடும்போது அது கூடுகிறது. மோட்டார் விவரத்தை நீங்கள் கவனித்து எழுதியது பெரிய உதவி. என் கணிப்பு இதுதான்: பழைய பாயின்ட்டில் எர்த் வயர் இல்லை, அல்லது அறுந்துபோயிருக்கிறது. வந்தவர் சாக்கெட்டுக்குள்ளேயே எர்த் முனையை நியூட்ரலோடு ஒரு துண்டு வயரால் லூப் அடித்துவிட்டார்.

இதைச் செய்கிறவர்கள், "நியூட்ரலும் பூமிக்குத்தானே போகிறது, இரண்டும் ஒன்றுதான்" என்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் அது உண்மை. உங்கள் பாத்ரூமில் உண்மை இல்லை. நியூட்ரல் என்பது கரண்ட் திரும்பிப் போகிற பாதை. மோட்டார் ஓடும்போது அதில் அதிகம் ஓடும், அப்போது அந்த வயரில் சில வோல்ட் ஏறும். லூப் அடித்த வீட்டில் அந்த வோல்ட் கீசர் உடம்புக்கு வரும், அங்கிருந்து இரும்புக் குழாய் வழியாக உங்கள் கைக்கு வரும். சாதாரண சுவிட்ச் பேஸை மட்டும்தான் துண்டிக்கிறது. நியூட்ரல் அப்படியே நிற்கிறது. அதனால்தான் அணைத்தாலும் நிற்கவில்லை, அதனால்தான் பிளக்கையே பிடுங்கச் சொன்னேன். ஆர்.சி.சி.பி. விழுந்ததும் இதனால்தான். போன கரண்ட்டில் ஒரு பகுதி நியூட்ரலில் திரும்பாமல், கீசர் உடம்பு, குழாய் என்று பூமிக்குப் போயிற்று. அந்தக் கருவி அதைக் கண்டுபிடித்துச் சொல்லியது. அவர் அதன் வாயை அடைத்துவிட்டார்.

இப்போது வருவது சில வோல்ட்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நம் பகுதியில் போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் எந்நேரமும் கடல் காற்றில் கிடக்கிறது. ஒரு மழைக்காற்றில் அதன் நியூட்ரல் முனை விட்டுப்போனால், வீட்டில் எரிகிற ஒரு பல்பு வழியாக 230 வோல்ட்டும் நியூட்ரலுக்கு ஏறி நிற்கும். லூப் அடித்த வீட்டில் அது நேரே ஷவர் குழாய்க்கு வரும். நனைந்த உடம்பின் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 மில்லி ஆம்பியர் வரை பாயலாம். 30 மில்லி ஆம்பியர் சில நொடி நெஞ்சைக் கடந்தாலே இதயத் துடிப்பு குலையலாம். செருப்பைப் பற்றி இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கை குழாயிலும் இன்னொரு கை ஈரச் சுவரிலும் இருக்கும்போது செருப்பு எதையும் தடுக்காது.

இன்னொரு சாத்தியமும் உண்டு, அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், சுவிட்ச் நியூட்ரலைத் துண்டிக்கும், காயில் முழுக்க எந்நேரமும் பேஸில் நிற்கும். அப்போதும் அணைத்த பிறகு சுர்ர் வரும்.

காசிமேட்டில் ஒரு வீட்டில் இதே மாதிரிப் புகார். சாக்கெட்டின் நான்கு திருகைக் கழற்றி முன்னால் இழுத்தேன். பச்சை வயர் வந்திருந்தது. சுவருக்குள்ளிருந்து ஒரு ஜாண் நீளம், புது வயர். ஆனால் முனை தோல் உரிக்கப்படவே இல்லை. அழகாக இரண்டாக மடித்து, டேப் சுற்றி, பெட்டியின் மூலைக்குள் திணித்திருந்தது. எர்த் திருகில் ஒன்றும் இல்லை, திருகுக்கு அடியில் உப்புக் காற்றுக்குப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அந்த வீட்டுக்காரர் பச்சை வயர் போடச் சொல்லிப் பணம் கொடுத்திருக்கிறார், பச்சை வயர் போவதைக் கண்ணாலும் பார்த்திருக்கிறார். மாட்டினார்களா என்று யார் கழற்றிப் பார்ப்பார்கள்? அன்றிலிருந்து என் வேலையாக இருந்தாலும் மூடி போடுவதற்கு முன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் திருகுகிறேன்.

சரி, பிளக் ஏன் பழுத்தது? உங்கள் கீசர் பெரும்பாலும் 2000 வாட் இருக்கும். லேபிளில் பாருங்கள். 230 வோல்ட்டில் அது 8.7 ஆம்பியர் இழுக்கும். 25 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர அரை மணி நேரம் ஆகும், அந்த அரை மணியும் நிற்காமல் இழுக்கும். பழைய பாயின்ட் 6 ஆம்பியர் சாக்கெட் என்றால், அதில் கன்வெர்ட்டர் வைத்து 16 ஆம்பியர் பிளக்கைச் சொருகியிருப்பார். தளர்ந்த ஒரு பிடிப்பில் வெறும் அரை ஓம் தடை இருந்தால் போதும், அந்த இடத்தில் மட்டும் 38 வாட் சூடு பிறக்கும். ஒரு சால்டரிங் அயர்னைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அரை மணி வைத்தால் எப்படியோ, அப்படி. இதில் கவனிக்க வேண்டியது, தளர்ந்த பிடிப்பால் கரண்ட் கூடுவதில்லை. அதனால் எம்.சி.பி. விழாது. கசிவும் இல்லாததால் ஆர்.சி.சி.பி.யும் விழாது. எந்தக் கருவியும் காப்பாற்றாத இடம் இது. ஆள் கையால் இறுக்கியிருந்தால்தான் உண்டு.

அந்த 32 ஆம்பியர் எம்.சி.பி.யைப் பற்றி எனக்கு உண்மையாகவே கோபம். எம்.சி.பி. இருப்பது சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பதற்கு. பழைய பிளக் லைன் என்றால் ஒன்று அல்லது ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயராக இருக்கும். அது தாங்குவது சுமார் 10, 15 ஆம்பியர். அதற்கு 32 போட்டால் 25 ஆம்பியர் ஓடினாலும் எம்.சி.பி. பேசாமல் இருக்கும், சுவருக்குள் வயர் வறுபடும். 10 ஆம்பியர் விழுந்தது பழுது இல்லை. கீசரோடு அந்த லைனில் இருந்த மற்றதும் சேர்ந்தால் தாங்காது என்று அது சரியாகத்தான் சொன்னது.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன். இருக்கிற வேலையை ஒட்டுப்போட வேண்டாம். கீசருக்கு மெயின் பாக்ஸிலிருந்து தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். பேஸும் நியூட்ரலும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு, எர்த் 2.5, பச்சை. ஐ.எஸ்.ஐ. முத்திரை வயரின் உடம்பிலேயே அச்சாகியிருக்கும், பார்த்து வாங்குங்கள். 2000 வாட்டுக்கு 2.5 வயரே போதுமே என்று சிலர் சொல்வார்கள். கணக்குப்படி போதும். ஆனால் நாளைக்கு 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் மாட்டினால் 13 ஆம்பியர் இழுக்கும். சுவரை இரண்டாம் தரம் உடைப்பதை விட இந்த வித்தியாசப் பணம் குறைவு. நடுவில் எங்கும் ஜாயின்ட் இருக்கக் கூடாது. சுவரைக் கொத்த மனமில்லை என்றால் மேலாகப் பி.வி.சி. பைப்பில் கொண்டுவரட்டும், பார்க்க அழகில்லை என்றாலும் குறையில்லை. 20 ஆம்பியர் எம்.சி.பி. போடட்டும். பாத்ரூமுக்கு வெளியே, ஈரக் கை எட்டாத இடத்தில் 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச். அது பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும். 16 ஆம்பியர் சாக்கெட் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் இருக்கட்டும். கன்வெர்ட்டர் பிளக்கைத் தூக்கி எறியாதீர்கள். அது ஏன் வேண்டும் என்று பிறகு சொல்கிறேன்.

எர்த்துக்கு வருவோம். 1984 வீட்டில் எர்த் குழி இருந்தால் அதில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் போட்டிருப்பார்கள். நம் பக்கத்து மண்ணில் இதற்கு ஒரு நன்மையும் ஒரு கேடும் உண்டு. கடலோர மண் ஈரமும் உப்புமாக இருப்பதால் எர்த் நன்றாகப் பிடிக்கும். அதே உப்பு ஜி.ஐ. பைப்பைச் சில வருஷத்தில் தின்றுவிடும். திருவொற்றியூரில் ஒரு வீட்டில் எர்த் வயரைப் பிடித்து லேசாக இழுத்தேன், மேல் கிளாம்போடு சேர்ந்து கையோடு வந்துவிட்டது. கீழே பைப் இருந்த இடத்தில் துருப்பொடி மட்டும்தான். உங்கள் குழியைத் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் செம்பு பூசிய ராடு புதிதாக அடித்துவிடுவேன். ஜி.ஐ. பைப்தான் என்றால் இரண்டரை மீட்டருக்குக் குறையாத நீளம் வேண்டும். எதுவானாலும் எர்த் மீட்டரில் அளக்க வேண்டும். வீட்டுக்கு 5 ஓமுக்குக் கீழே வந்தால் நான் திருப்தியாகத் திரும்புவேன். எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டு வருகிறவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். இரும்புக் குழாய்க்கு நடுவில் என்றைக்காவது பிளம்பர் ஒரு பி.வி.சி. துண்டு போட்டுவிட்டால் அந்த எர்த் அங்கேயே முடிந்தது.

நல்ல எர்த் இருந்தால் ஆர்.சி.சி.பி. எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. எர்த் தடை 20 ஓம் என்று வையுங்கள். காயில் உடைந்து பேஸ் உடம்பில் பட்டால் 230-ஐ 20-ஆல் வகுக்க, 11.5 ஆம்பியர் பாயும். 20 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு விழவே விழாது. கீசர் உடம்பு ஷாக்கோடு நிற்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் கண்ணிமைக்கும் முன் துண்டிக்கும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளும் வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத கசிவுத் தடுப்புக் கருவியைத்தான் சொல்கின்றன. எர்த், ஆர்.சி.சி.பி. இரண்டும் வேண்டும். ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விட முடியாது. உங்கள் ஆர்.சி.சி.பி. நல்லதாகவே இருக்கலாம். திரும்ப லைனில் சேர்த்துவிட்டு, மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். பட்டன் அழுத்தி விழுந்தால் கருவி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, எர்த்தே இல்லாத வீட்டிலும் பட்டனுக்கு அது விழும்.

வேலை முடிந்ததும் ஆள் கிளம்புவதற்கு முன் உங்கள் எதிரில் அளக்கச் சொல்லுங்கள். வெறும் டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவர் போதாது. அதில் விளக்கு எரிந்தால் பேஸ் இருக்கிறது என்று மட்டும் தெரியும். மல்டிமீட்டரை கீசர் சாக்கெட்டில் வைத்து, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் எவ்வளவு, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் எவ்வளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எவ்வளவு என்று பார்க்கட்டும். முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக, 230-ஐ ஒட்டி வர வேண்டும். மூன்றாவது ஓரிரண்டு வோல்ட் வரலாம். மோட்டாரை ஓட விட்டு இதை அளக்கச் சொல்லுங்கள். அப்போதும் துல்லியமாகப் பூஜ்யம் காட்டினால் எங்கோ லூப் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். கடைசியாக, 100 வாட் குண்டு பல்பு மாட்டிய டெஸ்ட் லாம்பை பேஸுக்கும் எர்த்துக்கும் அவர் வைக்கட்டும். அது 430 மில்லி ஆம்பியர் இழுக்கும், ஆர்.சி.சி.பி. அந்த நொடியே விழ வேண்டும். விழவில்லை என்றால் கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். இதை வீட்டில் யாரும் தாங்களே செய்து பார்க்க வேண்டாம், பார்த்துக்கொண்டு மட்டும் நில்லுங்கள்.

வீடு முழுக்க மாற்ற வேண்டுமா என்றால், உடனே வேண்டாம். கீசர் லைன், எர்த், ஆர்.சி.சி.பி. மூன்றும் இந்த வாரமே முடியட்டும். வந்த ஆளை வைத்தே மற்ற லைன்களை, வயரின் காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகரில் பார்த்துவிடுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைனை முதலில் மாற்றுங்கள். பழைய வயர் முனையைச் சுரண்டிச் செம்பு நிறம் தெரிகிறதா என்றும் பார்க்கட்டும். உள்ளே வரைக்கும் வெள்ளையாக இருந்தால் அலுமினியம். அதோடு செம்பு வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தால் அந்த ஜாயின்ட்டை விட்டுவைக்கக் கூடாது.

அவரையே திரும்பக் கூப்பிடலாமா? இந்த இடத்தில் நியாயமாக யோசித்துத்தான் எழுதுகிறேன். நம் பகுதியில் இந்தத் தொழிலுக்கு வருகிற பையன்கள் பலர் யாரோ ஒருவருக்கு ஏணி பிடித்துக் கற்றுக்கொண்டவர்கள். எர்த் எதற்கு என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். லூப் அடித்ததை அறியாமை என்று விட்டுவிடலாம். ஆனால் ஷாக் அடிக்கிறது என்று நீங்கள் சொன்ன பிறகு வந்து பார்க்காமல், செருப்பு போடச் சொன்னதை அப்படி விட முடியாது. மின்வேலைக்காக அவரைத் திரும்ப உள்ளே விட வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

வேறு ஆளைக் கூப்பிடும்போது, தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுத்த கம்பியாள் தகுதிச் சான்று அல்லது மேற்பார்வையாளர் சான்று இருக்கிறதா, எந்த ஒப்பந்ததாரர் லைசென்ஸில் வேலை செய்கிறார் என்று கேளுங்கள். பல்பு, சுவிட்ச் மாற்ற லைசென்ஸ் தேவையில்லை. புது லைன் இழுப்பது லைசென்ஸ் உள்ளவர் பொறுப்பில் நடக்க வேண்டிய வேலை. சான்றைக் கேட்டால் நல்ல தொழிலாளிக்குக் கோபம் வராது, எடுத்துக் காட்டுவார். உங்கள் வீட்டுக்கு வெளியே, போஸ்ட் வயரில் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது என்று அவர் சொன்னால் அது ஈ.பி. வேலை. மின்னகம் 94987 94987-இல் புகார் சொல்லுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். புது ஆள் எதையும் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுங்கள்: பழுத்த பிளக், 32 ஆம்பியர் எம்.சி.பி., ஆர்.சி.சி.பி.யைத் தாண்டிப் போன வயர், சாக்கெட்டைத் திறந்ததும் உள்ளே தெரியும் லூப். கழற்றிய பிளக், கன்வெர்ட்டர், எம்.சி.பி. எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். தான் கண்ட குறைகளைப் புது ஆளையே லெட்டர்ஹெட்டில் எழுதச் சொல்லி, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். ஃபிட்டிங் பணத்தைக் கடை வாங்கியதால், ஆள் மட்டுமல்ல, கடையும் பதில் சொல்ல வேண்டும். கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள், நகலில் அவர்கள் கையெழுத்தோ முத்திரையோ வாங்குங்கள். முடியாது என்றால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். என்ன நடந்தது, ஃபிட்டிங் பணமும் சரிசெய்த செலவும் எவ்வளவு, எத்தனை நாளில் வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதினால் போதும். திட்ட வேண்டாம். என் அனுபவத்தில் எழுத்தில் கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் பேச வந்துவிடுகிறார்கள்.

வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் ஆகவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே மனு கொடுக்கலாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். சில ஆயிரத்துக்காக ஆணையத்துக்கு அலைய வேண்டுமா என்று நீங்கள் தயங்கினால் எனக்குப் புரிகிறது. ஆனால் கடைக்குக் கடிதம் எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதே ஆளை அவர்கள் நாளைக்கு வேறொரு வீட்டுக்கு அனுப்புவார்கள். அங்கேயும் யாராவது வயதானவர் குளிப்பார்.

கீசர் கம்பெனியின் வாரண்டி அட்டையையும் எடுத்துப் படியுங்கள். எர்த் இல்லாமல் மாட்டியிருந்தால் வாரண்டி தர மாட்டோம் என்று பலவற்றில் எழுதியிருக்கும். புது லைன் போட்ட பிறகு கம்பெனி ஆளையே வரவழைத்து, காயிலில் கசிவு இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்து, அட்டையில் எழுதி வாங்கிவிடுங்கள். போர் தண்ணீர்தான் என்றால் நம் பக்கத்து உப்பு காயில் மேல் சீக்கிரம் படியும். வருஷம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து, உள்ளே தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் ஆனோடு ராடையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும் அந்த மூன்று வோல்ட் அளவுகளையும் எர்த் ஓம் அளவையும் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி மெயின் பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். எனக்கும் எழுதி அனுப்புங்கள். மாமியார் அந்தக் குழாயைத் தொடுவதற்கு முன் அனுப்பினால், பார்த்துவிட்டு அன்றைக்கே பதில் போடுகிறேன்.